ஆட்டமிழக்காத துரை

“பத்மநாதன்ர பேரை வெட்டும், பிள்ளை.”

சண்முகராசா சொன்னதும், அணிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நிர்மலாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது. அவருடைய இரும்புக் கேற், கதவு செய்யும் பட்டறையில் ஓடர் எடுப்பவள் அவள்தான். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகமும் அவள் கையில்தான்.

“நல்லாப் பந்து பிடிக்கிற ஆள், அண்ணை.”

“ஆர், அவனோ? இந்த மாதம் மட்டும் அஞ்சு கேட்ச் விட்டிட்டான். எல்லாம் கையில வந்து விழுந்தது. அடுத்த சனி வெளியாக்களோட, ஹரோ ஊர்க் கம்பனியோட, எங்கட முதல் மாட்ச். மானம் போயிடும். முதல் ஆளா என்ர பேரைப் போட்டாச்சுத்தானே?”

“ஓம்.”

பத்மநாதன் சற்றுத் தள்ளி ஸ்டம்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த மாட்சுக்கென்றே புதுச் சப்பாத்து வாங்கியிருந்தான். பேச்சு காதில் விழுந்திருக்கும், நிமிரவில்லை. நிர்மலாவுக்குப் பாவமாக இருந்தது.

சண்முகராசா கெட்ட மனுசன் இல்லை. மிச்சம் என்ற ஊரில் இருக்கும் இந்த மைதானத்தை, நூறு வருசத்துக்கு முந்தித் தன் தொழிலாளருக்கு விளையாடக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. இரும்பு வார்க்கும் ஆலை வைத்திருந்தவர். சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆலையைப் பூட்டிவிட்டு எல்லோரையும் இங்கே கூட்டி வருவாராம். அதை மைதானத்துச் சுவரிலிருந்த பலகையில் வாசித்த நாளிலிருந்து சண்முகராசாவும் ஒரு மணிக்குப் பட்டறையைப் பூட்டுகிறார். ஆட்களை இரண்டாகப் பிரித்து, தானும் சேர்ந்து விளையாடுகிறார்.

“அந்தப் பலகையைப் பாரும்,” என்றார். “துரை ஏழு வருசம் விளையாடியிருக்கிறார். ஒருநாளும் அவுட் இல்லை. விளையாட்டெண்டால் அது.”

“அவருக்குப் பந்து போட்டது ஆர், அண்ணை?”

“வேற ஆர், அவற்ற வேலையாக்கள்தான்.”

நிர்மலா ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். யாராவது கேட்சை விட்டால், பந்தை அடித்தவர் பெயரையும் பக்கத்தில் குறித்துவைப்பது அவள் வழக்கம்.

பத்மநாதன் விட்டவை ஐந்து. அடித்தவர், ஐந்திலும் சண்முகராசா.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

“பத்மநாதன் இருக்கட்டும். ஹரோக்காரர் என்னட்டை வேலை செய்யிற ஆக்கள் இல்லைத்தானே,” என்று தன் பெயரை வெட்டினார்.