பழைய பிரேக்கா, புது பிரேக்கா?

"உலகத்துலயே இந்த மாடல்ல மிச்சம் இருக்கறது நாலே காருடா! அதுல கை வைக்கச் சொல்றியா?" என்று அவர், மச்சானோடு சேர்ந்து ஆறு வருடமாகப் புதுப்பித்த பழைய காரின் பானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாமா, இந்தப் பிரேக்கை இன்னிக்கு மிதிச்சா நாளைக்குத்தான் வண்டி நிக்கும். நாளைக்கு முதல் சவாரியே எங்க அக்காதான், ஞாபகம் இருக்கட்டும்" என்றான் மச்சான்.

"உனக்கு என்னடா தெரியும்? மிதிச்சா உள்ள ரெண்டு பிரேக் கட்டை விரியும். சக்கரத்தோட சேர்ந்து சுத்தற டிரம்மோட உள்பக்கத்தை அப்படியே இறுக்கிப் பிடிக்கும். ரொம்பச் சூடானா மட்டும் கொஞ்சம் வழுக்கும்..."

விளக்கி முடித்ததும் அவரே பானெட்டிலிருந்து கையை எடுத்தார்.

"சரி, பிரேக்கை மட்டும் மாத்திக்கோ. மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்."

ஆறு வருடச் சண்டை ஓய்ந்தது. இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

அவருடைய மனைவி எட்டிப்பார்த்தாள்.

"சமாதானம் ஆயாச்சா? எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு பாகமா லிஃப்ட்ல ஏத்திட்டு வந்து, இந்த ரூம்லயே மாட்டினீங்க. இப்ப முழுக் காரையும் மூணாவது மாடியிலேருந்து எப்படி இறக்கப்போறீங்க?"

அவர் அறைக் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"கழட்டிடலாமா மாமா?"

"மறுபடி ஆறு வருஷமா?"

மச்சான் சுவரை மெல்லத் தட்டிப் பார்த்தான்.

"மாமா, கட்டடமும் பழசுதான். அப்படியே காப்பாத்தலாமா, இல்ல கொஞ்சம் மாத்தலாமா?"