முறை ஜீப்

பிரசவ அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் பாண்டீஸ்வரன் எழுந்து நின்றான். உள்ளே நதியா அலறுவது கேட்டது.

"உக்காருப்பா. நின்னா மட்டும் பிள்ள சீக்கிரம் வந்துருமா?" என்றாள் சங்கிலியம்மாள். தன் மருமகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு அவளும் அங்கே காத்திருந்தாள். "எந்த ஊரு?"

"கூடலூரு. எங்க தெரு ஆஸ்பத்திரிய மூடிட்டாக. வலி எடுத்தா இம்புட்டுத் தூரம் வரணும்."

"இதுதேன் தலைப்பிள்ளையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆத்தா, என் மொதப் பிள்ள வர்ற வழியிலயே போயிருச்சு. வண்டி கெடைக்கவே நேரமாகிப்போச்சு."

சங்கிலியம்மாள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையுடன் வெளியே வந்தாள். "பொம்பளப் பிள்ள. தாயும் நல்லாருக்கு. வாங்கிக்கங்க."

பாண்டீஸ்வரன் பின்வாங்கினான். "நான் தகப்பன் இல்லம்மா. நதியா வீட்டுக்காரரு குமுளிக்கு மேல ஏலக்காத் தோட்டத்துல வேல பாக்குறாக. வந்துக்கிட்டிருக்காக. நான் ஜீப்பு ஓட்டுறவன்."

சங்கிலியம்மாள் திகைத்தாள். "அப்ப, வழியில போன பிள்ள?"

"அது என் பிள்ள. என் பொண்டாட்டியும் அதோடயே போயிட்டா." அவன் குரல் இறங்கியது. "அதுக்கப்புறந்தேன் தெருவே கூடிப் பேசுனோம். எங்க தெரு ஜீப்புகள்ல தெனமும் ஒண்ணு தோட்டத்துக்கு ஆளேத்தாம, ஆத்திர அவசரத்துக்குன்னு தெருவுலயே நிக்கும். இன்னைக்கு என் முறை."

நர்ஸ் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "அவுக வர்ற வரைக்கும் நீங்களே வச்சிருங்கண்ணே" என்று குழந்தையை அவன் கைகளில் கொடுத்தாள்.

வாங்கியவனுக்கு, அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் வர வெகு நேரமாயிற்று.