வீட்டுக்கு வந்த நிபுணர்

கூட்டத்தில் இருந்தவர்கள்: யோகராணி, அவள் கணவன் தில்லைநாதன், மகள் மதுராங்கி, அரசாங்கம் அனுப்பிய குடும்பத் தலைவர்.

நாட்டின் கடன் தீரும்வரை அமைச்சுகளை மட்டுமல்ல, வீடுகளையும் நிபுணர்களே நடத்துவார்கள் என்று சட்டம் வந்திருந்தது. இந்த வீட்டுக்கு வந்தவர் மோசமான ஆளில்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார்.

"இந்த வீட்டில ஓராள் கூடிப்போச்சு," என்றார் அவர், மீன் முள்ளைக் கவனமாக எடுத்தபடி. "வேலை இல்லாதவர்தான் வெளியில போகவேணும்."

"என்ர வீட்டில நான் கூடவோ?" என்றான் தில்லைநாதன்.

"மனம் நோகாதேங்கோ. எல்லா வீட்டுக்கும் இதே விதிதான்."

மதுராங்கிக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் ஓராள் தின்னிறது எங்கள் மூண்டு பேருக்கும் காணும், சேர்."

"நிபுணரின்ர செலவைக் குறைக்கச் சட்டத்தில இடமில்லை, பிள்ளை." இன்னொரு துண்டு மீனை எடுத்துக்கொண்டு யோகராணியிடம் திரும்பினார். "அவர் நிண்டால் பிள்ளையின்ர படிப்பை நிப்பாட்டவேணும். நீங்கள்தான் சொல்லவேணும், அம்மா."

யோகராணி மகளைப் பார்த்தாள். கணவனைப் பார்க்கவில்லை.

"அவர் போகட்டும்," என்றாள்.

தில்லைநாதன் பையில் இரண்டு சாரங்களை வைத்தான். "எப்ப திரும்பி வரலாம்?"

"பொருளாதாரம் வளர்ந்த உடன."

"அதுக்குள்ள நான் கிழவனாகிடுவன்," என்று சிரித்தபடி வெளியே போனான்.

யோகராணி கதவைச் சாத்தினாள். படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அவன் வெளியிலேயே நின்றான். நிபுணர் மேசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாவியைத் திருப்பினாள்.