மறுபடியும் அதே ஓடை

மெக்கானிக் ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கரின் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். மறுபக்கச் சக்கரமும் கூடவே சுற்றியது. அவருக்கு மண்டை குடைந்தது.

“ரெண்டும் சேந்துதான் சார் சுத்துது. சேத்துல ஒண்ணு வழுக்கினாலும் இன்னொண்ணு இழுத்துட்டு வந்துரும். அப்புறம் எப்படி மறுபடியும் அதே ஓடையில சிக்குனீங்க?”

ஜீப்பின் சொந்தக்காரரான பெரியவர் வாசலைப் பார்த்தார். ஜீப்பை இழுத்து வந்த வண்டியின் டிரைவர் அங்கே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“நான் மாட்டுன லாக்கர் சார். என் பேருதான் கெடுது.”

“நான் சுவிட்சைப் போடலப்பா.”

“மறந்துட்டீங்களா?”

“இல்ல, வேணும்னேதான். அந்த டிரைவர் என் பையன். சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனவன், என் போனை எடுக்கமாட்டான். வண்டி சிக்கிருச்சுன்னு அவன் ஆபீசுக்குச் சொன்னா மட்டும் ஓடி வந்துடுவான். வழியெல்லாம் திட்டுவான். திட்டவாவது பேசுறானேப்பா.”

டிரைவர் உள்ளே வந்தான்.

“என்னண்ணே, லாக்கருக்கு என்னவாம்?”

மெக்கானிக் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் மாட்டுனதுலதான் ஏதோ கோளாறு தம்பி. சரி பண்ண நாளாகும். அதுவரைக்கும் அடிக்கடி சிக்கத்தான் செய்யும்.”