பொன்னழகு சொல்லாத பெயர்

பதிலை நீயாக ஊகித்து எழுதாதே, பேசாமல் இருந்தால் அதையும் எழுது என்பது பேராசிரியரின் கண்டிப்பு. மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகளைப் பேட்டி எடுக்க டேப் ரிக்கார்டரோடு குன்றக்குடிக்கு வந்த தமயந்திக்கு எரிச்சல் தலைக்கேறியது. புருஷன் பெயரைக் கேட்டால் பொன்னழகு முருகன் மலையைக் கை காட்டுகிறாள். முருகனுக்குத்தான் எத்தனை பெயர்!

"கை காட்டினா டேப்புல விழாதும்மா. வாயால சொல்லுங்க."

"புருசன் பேரைச் சொல்லுவாகளா? போங்க அங்குட்டு!"

அதன் பிறகு பொன்னழகு வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ள, தமயந்தி டேப்பை வெடுக்கென்று பின்னுக்குச் சுற்றி ஓடவிட்டாள்.

மௌனம் வரவேண்டிய இடத்தில் ஓர் ஆண்குரல், "சண்முகம்" என்றது.

வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. பொன்னழகு எழுந்து டேப் பெட்டியின் முன்னால் நின்றாள்.

"இம்புட்டு வருசமா எனக்கு ஒரு தகவல் இல்ல. யாரோ கேட்டா மட்டும் வாயத் தொறக்குறீகளோ? எங்கிட்டு இருக்கீக?"

தமயந்தி பாட்டரிகளைப் பிடுங்கி மடியில் போட்டாள். சக்கரங்கள் நின்றன.

நின்ற பெட்டிக்குள் யாரோ, பதில் சொல்லப்போகிறவர் மாதிரி, தொண்டையைச் செருமினார்.