அரை மணி நேர வகுப்பு

நாற்பத்தைந்து வயதில் தபால் வழியில் தத்துவம் படிக்கக் கிளம்பியவளை வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சருக்கு அவளுடைய தங்கையின் வயதுதான். வேலைக்கு நடுவே கிடைக்கும் அரை மணி நேரத்தில், நூலக மூலையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருவாள்.

அன்று அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"டீச்சர், கடமைன்னு செஞ்சா அது தப்பாகாதுல்ல?"

"என்ன செஞ்சீங்க அக்கா?"

"நேத்து சாப்பாட்டு வரிசையில ஒருத்தி எதிர்த்துப் பேசினா. கை நீட்டிட்டேன். ஒழுங்கைக் காப்பாத்துறதுதானே என் வேலை?"

டீச்சர் சற்றுத் தயங்கினாள். "அவளால உங்களைத் திருப்பி அடிக்க முடியுமா?"

"அது எப்படி முடியும்?"

"அப்போ அதுக்குக் கடமைன்னு பேர் வைக்காதீங்க அக்கா."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. எழுந்து போய் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தாள். "தப்பு என் மேலதான்மா. மன்னிச்சுடு" என்றாள். கன்னம் வீங்கியிருந்த அந்தப் பெண் நம்ப முடியாமல் அவளையே பார்த்தாள்.

மாலை மணி அடித்தது. டீச்சரை அறைவரை அழைத்துப்போய் உள்ளே விட்டு, கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினாள். சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"என் மேல கோபமில்லையே? நாளைக்கு வகுப்பு உண்டா டீச்சர்?"

கம்பிக்குப் பின்னாலிருந்து டீச்சர் சிரித்தாள்.

"இன்னும் ஆறு வருஷம் இருக்கே அக்கா. நீங்க பட்டம் வாங்கறதுக்குள்ள நான் எங்க போயிடப் போறேன்?"