மாப்பிள்ளைக் குதிரையின் காது

கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரைக்கு ஒரு காலையில் காதுக்குள் 'ஙொய்' என்று ஓயாத சத்தம். புல்லில் வாய் வைக்கவே முடியவில்லை. முதுகில் வந்து உட்கார்ந்த மைனாவிடம் பதறிக்கொண்டு சொன்னது.

"காதுக்குள்ள வண்டு புகுந்திருக்கு. சீக்கிரம் கொத்தி எடுத்துடு."

மைனா இரண்டு காதுகளிலும் எட்டிப் பார்த்தது. "வண்டு எதுவும் இல்லையே. நேத்து கல்யாணத்துல சரவெடி வெடிச்சப்போ எங்க நின்னே?"

"பக்கத்துலதான். எப்பவும் அங்கதான் நிப்பேன்."

"அப்போ காது அடிபட்டிருக்கு. இந்தச் சத்தத்தை உன் காதேதான் போடுது."

"எப்போ நிக்கும்?"

"நிக்கலாம், நிக்காமலும் போகலாம். என்கூட வா."

மைனா அதை வாய்க்கால் மதகுக்கு அழைத்துப்போனது. தண்ணீர் கொட்டும் ஓசையில் காதின் சத்தம் அமுங்கிப்போனது. குதிரை துள்ளிக் குதித்து, வயிறு நிறைய மேய்ந்தது. சத்தம் நிற்கவில்லை. ஆனால் தினமும் அங்கேயே மேய்ந்ததில், அதை மறந்திருக்கவும் பழகிக்கொண்டது.

அடுத்த கல்யாணத்தில் சரவெடியின் திரியில் நெருப்பு வைத்தார்கள். அது வெடிப்பதற்குள் குதிரை மாப்பிள்ளையோடு பாய்ந்து ஓடியது.

"இன்னும் வேகமா!" என்று மேலே பறந்தபடி மைனா கத்தியது.

மேளக்காரர்கள் பின்னால் ஓடி வர, தலைப்பாகையை இறுக்கிப் பிடித்தபடி மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் மண்டபம் போய்ச் சேர்ந்தார். வாசலுக்கு ஆரத்தித் தட்டுகூட இன்னும் வந்திருக்கவில்லை.